பசித்த பிள்ளைக்காகக் குற்றவாளிக் கூண்டேறிய அம்மையார்

ஆண்டு மலர்களிலே சான்றோர் ஒருவரின் சரிதையை வெளியிடுவது மலைநாட்டுச் சங்கங்களின் நெடுநாளைய வழக்கம். ஆறுமுக நாவலர், சுவாமி விவேகானந்தர், விபுலாநந்த அடிகள் என்று எமது சமயத்தையும் மொழியையும் வளர்த்த பெரியோரைப் பற்றி எழுதுவதே முறை. இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் இந்துவுமல்லர், தமிழருமல்லர். ஆங்கில நாட்டிலே நிலபுலம் படைத்த குடும்பமொன்றில் பிறந்து, ஜெனீவா நகரிலே கண்மூடிய எக்லன்டைன் ஜெப் என்னும் அம்மையார் அவர்.

இவரை நாம் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரையிலுள்ள தோட்டங்களிலே பிள்ளை மடுவத்தைக் கண்டிராதவர் எம்முள் எவருமில்லை. ஒரு காலத்தில் தகரக் கூரையும் இருண்ட சுவரும் வரிசை வரிசையாகத் தொங்கிய ஏணைகளுமாய் இருந்த அம்மடுவங்களிற் பல, கடந்த ஐம்பது ஆண்டுகளில் சுவரில் சித்திரமும், விளையாட்டுப் பொருளும், பிள்ளையை நிறுக்கும் தராசும், பயிற்சி பெற்ற ஆயம்மாவுமாக மாறின. இம்மாற்றத்தில் அரசாங்கத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பங்குண்டு. பிறநாட்டுத் தர்ம ஸ்தாபனங்களுக்கும் பங்குண்டு. அவற்றுள் முதன்மையான ஒன்றாகிய 'சேவ் த சில்ரன்' என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவரே ஜெப் அம்மையார்.

வெளிநாட்டாரின் தருமத்தை வாங்கித்தான் எமது பிள்ளைகள் வளர வேண்டுமோ என்று சினந்து கேட்கும் இளைஞர் எம்மிடையே உண்டு. கொடுக்கிற கையை ஏன் தட்ட வேண்டும் என்று அமைதி சொல்லும் பெரியோரும் உண்டு. இரு சாராரும் கேட்பது நியாயமான கேள்வியே. இக்கேள்வியைத் தமக்குள்ளே கேட்டு, வாழ்நாள் முழுதும் விடை தேடியவர் அவ்வம்மையார் என்பதை அறிந்தபோது எமக்கு வியப்புண்டாயிற்று.

1876 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25 ஆம் திகதி, இங்கிலாந்தின் மேற்கெல்லையை அடுத்த ஷ்ரொப்ஷயர் மாகாணத்திலே எல்ஸ்மியர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் குத்தகைக்காரர் பலருக்கு நிலம் விட்டிருந்த பிரபு. தாயாரோ, கிராமத்துப் பிள்ளைகளுக்கு மரவேலை, கூடை பின்னல் முதலிய கைத்தொழில்களைக் கற்பிக்கும் சங்கமொன்றை 1884 இல் தொடங்கி நாடெங்கும் பரப்பியவர். பிறர்க்குக் கொடுப்பதாயின் தொழிலைக் கொடு என்னும் எண்ணம் பிள்ளைப் பருவத்திலேயே இவர் மனத்தில் விழுந்திருத்தல் வேண்டும். பதினெட்டு வயதில் தந்தையாரை இழந்தார். இரண்டாண்டு கழித்து, பாடசாலையிலே படித்துக்கொண்டிருந்த தம்பியையும் நிமோனியாக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்.

ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே சரித்திரம் கற்றபின், செல்வர் வீட்டுப் பெண்கள் அக்காலத்தில் எண்ணியும் பாராத காரியமொன்றைச் செய்தார். ஏழைப் பிள்ளைகள் பயிலும் ஆரம்ப பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே அவர் வெற்றி பெறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் கூச்சலும் குறும்பும் அவருக்கு ஒத்துவரவில்லை; உடல்நலமும் கெட்டது; இரண்டாண்டு நிறையுமுன் வேலையை விட்டார். குழந்தைகளைக் கண்டவுடன் அள்ளி அணைக்கும் இயல்பினரல்லர் அவர். மணம் செய்துகொள்ளவுமில்லை, தமக்கெனப் பிள்ளை பெறவுமில்லை. உலகக் குழந்தைகளுக்கெல்லாம் வழக்கறிஞராய் நின்றவர் இத்தகையவர் என்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தனக்குப் பிரியமான பிள்ளைக்குச் சோறூட்டுவதற்குத் தாயன்பு போதும்; கண்ணாற் காணாத பிள்ளைக்கு ஊட்டுவதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றை அவர் கற்றுக்கொண்ட இடம் கேம்பிரிட்ஜ் நகரம். தாயாருடன் அங்கே குடியேறியவர், தருமங்களை ஒழுங்குபடுத்தும் சங்கமொன்றில் தொண்டரானார். அந்நகரிலே கோயிற்சபைகளும் கனவான்களும் செய்த தருமங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு தெருவுக்கு மூன்று பேர் கொடுப்பார்கள். அடுத்த தெருவை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாய்ச் சாமர்த்தியம் உடையவன் இரண்டு வீட்டில் வாங்குவான்; வெட்கப்படுகிற விதவை பட்டினி கிடப்பாள். அம்மையார் தெருத்தெருவாக விசாரித்தார். வீடு எப்படி, வாடகை எவ்வளவு, தந்தைக்கு என்ன வேலை, பிள்ளை எந்த வயதில் பாடசாலையை விடுகிறது என்றெல்லாம் திரட்டி 1906 இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். வறுமை என்பது ஒருவனுடைய சோம்பலாலோ குடியாலோ மாத்திரம் வருவதன்று, ஒரு குடும்பத்தின் வருவாயும் இருப்பிடமும் நோயும் பிள்ளைகளின் தொகையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் முடிச்சு என்று அதிலே காட்டினார்.

பதின்மூன்று பதினான்கு வயதிலே பாடசாலையை விட்டுக் கடைகளில் எடுபிடி வேலைக்குப் போகும் பையன்கள், இருபது வயதில் தொழில் ஒன்றும் தெரியாதவர்களாய் நிற்பதைக் கண்டு, அவர்களைத் தக்க தொழிலிலே பயிலுநராகச் சேர்த்துவிடும் பதிவு நிலையமொன்றையும் அந்நகரில் நடத்தினார். கொழும்பிலே கடைச் சிப்பந்திகளாகவும் வீட்டு வேலைக்காரராகவும் போய்த் தேய்ந்த எமது தோட்டத்துப் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1913 இல் பால்கன் யுத்தத்தால் அகதிகளானோருக்கு உதவிப் பணம் கொண்டுசெல்லும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மசிதோனியாவுக்குச் சென்றார். வீடெரிந்து, குளிரில் குழந்தைகளோடு வழியோரம் கிடந்த குடும்பங்களை அங்கே கண்டார். கையிலிருந்த பணம் ரொட்டியாகியது; ரொட்டி மறுநாளே தீர்ந்தது. நிலமும் விதையும் கூரையும் இல்லாத குடும்பத்துக்கு ரொட்டி மாத்திரம் கொடுத்துக்கொண்டிருப்பது முடிவில்லாத காரியம் என்ற எண்ணத்தோடு நாடு திரும்பினார்.

அடுத்த ஆண்டே முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. அம்மையாரின் தங்கை டொரதி பக்ஸ்டன் என்பவர், பகை நாடுகளின் பத்திரிகைகளிலிருந்து செய்திகளை மொழிபெயர்த்து வெளியிடும் பணியைத் தொடங்கினார். தமக்கையாரும் அதிற் சேர்ந்துகொண்டார். ஜெர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பால் இல்லாமல் குழந்தைகள் என்புருக்கியாலும் எலும்பு வளைந்தும் வாடுவதை இங்கிலாந்து மக்கள் அறிந்தது பெரும்பாலும் இவ்வெழுத்துக்களாலேயே. தங்கையாரின் பெயர் பின்னர் மறைந்துபோயிற்று. ஸ்தாபனத்தை மூட்டிவிட்ட தீப்பொறியில் அரைவாசி அவருடையது என்பதை இங்கே குறிப்பிடாமற் போவது அநீதி.

1918 நவம்பரில் போர் நின்றது, பட்டினி நிற்கவில்லை. சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை பகை நாட்டுத் துறைமுகங்களுக்கு உணவுக் கப்பல் செல்லலாகாது என்று நேச நாடுகள் முற்றுகையை நீட்டித்தன. அம்முற்றுகையை எதிர்த்து, 1919 ஏப்ரிலில் லண்டன் டிரபல்கார் சதுக்கத்திலே அம்மையார் துண்டுப் பிரசுரம் விநியோகித்தார். தலை பெருத்து உடல் சூம்பிய ஒஸ்திரியக் குழந்தையின் படம் அதிலிருந்தது. தணிக்கை அதிகாரியின் அனுமதி பெறாத பிரசுரம் என்று பொலீசார் கைதுசெய்தனர்.

மே மாதத்தில் வழக்கு நடந்தது. அம்மையார் வழக்கறிஞர் எவரையும் வைத்துக்கொள்ளாமல் தாமே பேசினார். சட்டப்படி குற்றந்தான் என்பதை அவர் மறுக்கவில்லை. பசித்த குழந்தையின் பக்கம் நின்றமையே வழக்கின் பொருள் என்று வாதாடினார். நீதிபதி 5 பவுண் அபராதம் விதித்தார். வழக்கு முடிந்ததும் நடந்ததே விசேஷம். அவரைக் குற்றஞ்சாட்டி வாதாடிய அரசாங்க வழக்கறிஞர் சேர் ஆர்ச்சிபோல்ட் பொட்கின், அவ்வபராதத்துக்கு ஈடான 5 பவுணைத் தம் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அப்பணமே குழந்தைகள் நிதியின் முதற் கொடை என்று கூறுவர்.

அதே மாதம் 19 ஆம் திகதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்திலே பெருங்கூட்டம் கூடியது. பகைவன் பிள்ளைக்குப் பாலூற்றப் பணம் கேட்கும் துரோகிகள் மேல் எறிவதற்கென்று சிலர் அழுகிய பழங்களோடு வந்திருந்தனராம். போரிலே மகனையும் கணவனையும் இழந்தோர் நிரம்பிய நாடல்லவா? அம்மையார் மேடையேறிப் பேசினார். பழங்கள் பறக்கவில்லை, பணம் வந்தது. 'சேவ் த சில்ரன்' நிதி அன்று பிறந்தது.

பிறகு அவர் செய்த காரியங்கள் வேகமானவை. தாம் கத்தோலிக்கரல்லர் ஆயினும் உரோமாபுரி சென்று பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்டைக் கண்டார். அதன் பயனாக 1919 டிசம்பர் 28 ஆம் திகதி, மாசற்ற குழந்தைகளின் திருநாளில், உலகெங்குமுள்ள கத்தோலிக்கக் கோவில்களிலே குழந்தைகளுக்காக உண்டியல் எடுக்கப்பட்டது. 1920 ஜனவரியில் ஜெனீவாவிலே சர்வதேசச் சங்கம் அமைந்தது. ஒரு நாட்டார் சேர்ந்து இன்னொரு நாட்டாருக்கு உதவுவது அதற்கு முன்னும் உண்டு. போரிட்ட நாடுகளின் மக்கள் ஒரே சங்கத்தில் அமர்ந்து, எந்த நாட்டுப் பிள்ளைக்கு முதலில் உணவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தது புதுமை.

1921 இல் ருஷ்யாவின் வொல்கா நதிப் பிரதேசத்தில் கொடிய பஞ்சம் வந்தது. ஒரு சர்வதேசத் தர்ம ஸ்தாபனம் எப்படி வேலை செய்கிறது என்பதை முழுமையாகக் காட்டிய நிகழ்ச்சி இதுவே. ஆதலால் சற்று நின்று பார்ப்போம்.

முதலாவது பணம். அம்மையார் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டார். தருமத்துக்கு விளம்பரமா என்று பலர் முகஞ்சுளித்தனர். பஞ்சத்தைச் சலனப்படமாக எடுப்பித்துக் கொட்டகைகளிலே காட்டினார். ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் உணவளிக்க இவ்வளவு என்று கணக்கிட்டு வெளியிட்டதால், கூலித் தொழிலாளியும் தன் சில்லறை எத்தனை வயிற்றை நிரப்பும் என்று அறிந்து கொடுத்தான். ஒரு பத்திரிகை விடாமல் எதிர்த்தது. உள்நாட்டில் வேலையில்லாதோர் பசித்திருக்க, ருஷ்யாவுக்கு ஏன் அனுப்புவது என்று கேட்டது. அக்கேள்வி இன்றும் எல்லா நாடுகளிலும் கேட்கிறது. அம்மையாரின் ஸ்தாபனம், 1926 இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து நின்றபோது அவர்தம் பிள்ளைகளுக்கும் உணவளித்தது.

இரண்டாவது பொருள். 1921 செப்டெம்பரில் டோர்செல்லோ என்னும் கப்பல் 600 தொன் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து புறப்பட்டது. மூன்றாவதே கடினமானது, அது விநியோகம். சராத்தோவ் மாகாணத்திலே நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. சமைத்தவரும் பரிமாறியவரும் கணக்கெழுதியவரும் பெரும்பாலும் அவ்வூராரே. பிள்ளைக்கொரு அட்டை, அட்டை காட்டி அங்கேயே இருந்து உண்ண வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு பிள்ளையின் பங்கு ஆறு பேருக்குப் போய்விடும் என்பதே காரணம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 300,000 பிள்ளைகள் அக்கூடங்களில் உண்டனர்.

இங்கேதான் ஒரு சங்கடம் எழுந்தது. பிள்ளை உண்டு பிழைக்கிறது. வீட்டிலே தாய் பட்டினியால் சாகிறாள். நாம் காப்பாற்றியது ஓர் அநாதையை அன்றோ? பிள்ளைகளுக்கென்று திரட்டிய பணமாயினும், பிள்ளையைத் தாயினின்றும் பிரித்துக் காப்பாற்ற முடியாது என்பது வெகுவிரைவில் புலனாயிற்று. 1922 இல் பெரியவர்களுக்கும் உணவளிக்கத் தொடங்கினர். அவர்கள் தொகை மூன்று இலட்சத்துக்கு மேலாயிற்று. குடும்பம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்காமல் குழந்தையின் வறுமையைத் தீர்க்க முடியாது என்று கேம்பிரிட்ஜ் தெருக்களிலே அவர் எழுதிவைத்ததை வொல்காக் கரையின் பஞ்சம் மெய்ப்பித்தது.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. ஜெப் அம்மையாரின் பாத்திரமோ ஒவ்வொரு நாளும் குறைவது. ஆதலினாலேதான் அவருக்குத் தராசும் அட்டையும் கணக்குப் புத்தகமும் வேண்டியிருந்தன. கணக்குப் பார்த்துச் செய்வது தருமமாகாது என்று எண்ணும் பெரியோர்க்கு நாம் பணிவுடன் சொல்லக்கூடியது இது: எமது கோயில் அன்னதானத்தில் கடைசிப் பந்தியிலே இருப்பவனுக்குச் சோறு கிடைத்ததா என்று பார்ப்பதும் கணக்கே.

பஞ்சம் தணிந்தபின் அவருக்கு வேறொரு கவலை பிறந்தது. பஞ்சத்துக்குப் பஞ்சம் கைநீட்டிப் பணம் திரட்டிக்கொண்டிருந்தால், கொடுப்பவர் மனம் சலித்த அன்று பிள்ளையின் வயிறும் காயும். கொடுப்போர் இரக்கத்தைச் சார்ந்திராமல், பிள்ளைக்கு உரியது என்று உலகமே ஒப்புக்கொள்ளும் சிலவற்றை எழுதிவைத்தால் என்ன? ஐந்தே அம்சங்கள் கொண்ட சிறு பிரகடனமொன்றை வரைந்தார். ஜெனீவாவுக்கு மேலுள்ள மலையொன்றில் ஏறி இருந்து எழுதினார் என்று சொல்வதுண்டு. பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் ஒழுங்காக வளர வழி செய்தல். பசித்ததற்கு உணவும் பிணியுற்றதற்கு மருந்தும் பின்தங்கியதற்குத் துணையும் வழி தவறியதற்கு மீட்பும் அநாதைக்குப் புகலும் அளித்தல். துன்ப காலத்தில் முதல் உதவி பிள்ளைக்கே சேர்தல். உழைத்துப் பிழைக்கும் தகுதியை அதற்குத் தந்து சுரண்டலினின்றும் காத்தல். தன் திறமை மற்றவர்க்கும் பயன்படவேண்டியது என்னும் உணர்வோடு அதை வளர்த்தல் ஆகியவையே அவ்வைந்தும். இனமோ நாடோ சமயமோ பாராது இவை எல்லாப் பிள்ளைக்கும் உரியவை என்பது அதன் முகப்பு. 1924 செப்டெம்பர் 26 ஆம் திகதி சர்வதேச சங்கம், அதாவது இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னிருந்த சபை, அதை ஏற்றுக்கொண்டது.

அந்த 1924 ஆம் ஆண்டிலே எமது மலைநாடு எப்படியிருந்தது? கங்காணியின் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு மூன்றாண்டே ஆகியிருந்தது. லயத்துக் காம்பராவொன்றில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பம். தாய் கொழுந்துக்குப் போனால் மூத்த பிள்ளையும் கூடையோடு மலையேறும். கைப்பிள்ளை மடுவத்திலே கிடக்கும். தோட்டத் தொழிலாளரின் ஆகக் குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்க 1927 இல் வந்த சட்டம் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி என்று வகுத்ததோடு, பிள்ளைக்கென்றும் தனியாக ஒரு கூலியை வகுத்தது. சுரண்டலினின்றும் பிள்ளையைக் காக்கவேண்டும் என்று ஜெனீவாவில் ஒப்பமிட்ட பேரரசே இங்கே பிள்ளையின் உழைப்புக்கு விலை எழுதியது. கோதண்டராம நடேசையர் போன்றோர் தோட்டந்தோட்டமாய்ச் சென்று தொழிலாளரைத் திரட்டத் தொடங்கிய காலமும் அதுவே. அவர் வழி சம்பளத்தைக் கேட்பது. அம்மையார் வழி பிள்ளையைக் காட்டுவது. இவ்விரண்டில் எது பெரிது என்று பட்டிமன்றம் வைப்பதை விட, இரண்டும் இல்லாவிட்டால் எமது மடுவங்களின் கதி என்னாயிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

கழுத்துக் கழலை நோய் அம்மையாரை நெடுங்காலமாக வாட்டியது. தலைமயிர் இளமையிலேயே வெளுத்தது. தமக்கென்று வீடு வாசலைப் பெருக்காமல், கிடைத்ததைக் கொண்டு எளிமையாகவே வாழ்ந்தார். கடைசி நாட்களில் ஆசிய நாட்டுக் குழந்தைகளின்பால் அவர் கவனம் திரும்பியது. சீன மொழியைப் படிக்கத் தொடங்கினார். அந்த ஆசை நிறைவேறவில்லை. 1928 டிசம்பர் 17 ஆம் திகதி ஜெனீவா வைத்தியசாலையொன்றில் தமது ஐம்பத்திரண்டாவது வயதில் காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பெரியோர்க்கென்று ஒதுக்கப்பட்ட அந்நகரத்து மயானத்துக்கு 2024 இல் அவருடைய எச்சங்கள் மாற்றப்பட்டன.

அவருடைய ஐந்து அம்சங்கள் 1959 இல் ஐக்கிய நாடுகள் சபையின் பிரகடனமாக விரிந்து, 1989 இல் சிறுவர் உரிமைச் சமவாயமாக வளர்ந்தன. இலங்கை 1991 இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003 வரை அக்குறை முற்றும் நீங்காதிருந்த எம்மவர்க்கு, பிள்ளையின் உரிமைக்கு நாடு பார்க்கலாகாது என்னும் விதி வெறும் அலங்காரச் சொல்லன்று.

அம்மையாரின் ஸ்தாபனம் இலங்கையில் 1974 இல் வேலை தொடங்கியது. பெரியோர்க்கு அவ்வாண்டு மறந்திராது. உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறி, கூப்பன் மாவு குறைந்து, மலைநாட்டுத் தோட்டங்களிலே பசிச் சாவுகள் நிகழ்ந்த காலம். லயத்திலிருந்து இறங்கி நகரத் தெருக்களிலே கையேந்தி நின்ற குடும்பங்களைக் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அதற்கு முந்திய ஆண்டிலேதான் 'கெயார்' என்னும் மற்றொரு சர்வதேச ஸ்தாபனத்தின் உதவியோடு அரசாங்கம் திரிபோஷ மாவை விநியோகிக்கத் தொடங்கியிருந்தது. கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், எடை குறைந்த பிள்ளைக்கும் சோளமும் சோயாவும் கலந்த அம்மா இன்றும் கிளினிக்கிலே பெயர் பதிந்து கொடுக்கப்படுகிறது. வெளியார் தொடக்கி, அரசு தன் கையில் ஏற்று நடத்துவதாகிய இம்முறையே நிலைக்கும் முறை. பொட்டலம் வீடு சேர்ந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்கிறார்கள் என்று மருத்துவிச்சிமார் குறைப்படுவதுண்டு. வொல்காக் கரையின் சங்கடம் எமது இஸ்தோப்பிலும் உள்ளதே.

தோட்டங்களில் இத்தகைய ஸ்தாபனங்கள் செய்த வேலையில் மிகச் சிறந்தது பிள்ளை மடுவத்தைத் திருத்தியது என்பது எமது எண்ணம். ஒரு மடுவம் ஒழுங்காக நடந்தால் ஒரு குடும்பத்தில் எத்தனை காரியம் நிமிர்கிறது என்று பாருங்கள். தாய் மனநிம்மதியோடு கொழுந்தெடுக்கிறாள். அரைப்பேர் ஆகாமல் முழுப்பேர் பெறுகிறாள். தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பாடசாலையிலிருந்து மறிக்கப்படுவதில்லை. கைப்பிள்ளை நேரத்துக்கு உண்ணுகிறது. நிறுத்துப் பார்ப்பதால் மெலிவு முதல் மாதத்திலேயே தெரிகிறது. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் மீண்டபின், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் கம்பெனிகளும் இவ்வேலையிற் பங்குகொண்டன. ஆயம்மாமார் பயிற்சி பெற்றுச் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்னும் பெயரும் பெற்றனர். தாய்க்கும் சேய்க்கும் உகந்த தோட்டம் எப்படியிருக்க வேண்டும் என்று நியமங்கள் வகுத்து, சில கம்பெனிகளை அவற்றுக்கு இணங்கச் செய்யும் முயற்சியும் பின்னர் நடந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பணம் திட்டம் திட்டமாக வருகிறது. மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் உத்தியோகத்தர் வண்டியேறிவிடுவர். பெயர்ப்பலகை துருப்பிடித்து நிற்கும். பொம்மைகள் அலுமாரியிற் பூட்டப்படும். தோட்டத்தாரைக் கலந்து பேசாமல் கொழும்பிலே தீட்டிய திட்டங்கள் பெரட்டுக் களத்தைக் கூட எட்டாமற் போனதுண்டு. கம்பெனி செய்யவேண்டியதைத் தர்ம ஸ்தாபனம் செய்துவிடுவதால் கம்பெனி தன் கடமையை மறந்துவிடுகிறது என்று தொழிற்சங்கத்தார் கூறுவதிலும் உண்மையுண்டு. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டுமென்று பல்லாண்டு போராடி, 2021 இலேயே சம்பள நிர்ணய சபை வழியாக அது கிடைத்தது. அக்கூலியை எந்தத் தர்ம ஸ்தாபனமும் பெற்றுத்தந்திருக்க முடியாது. 2016 ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32. ஐம்பதாண்டுத் தருமத்துக்கும் நூற்றைம்பதாண்டு உழைப்புக்கும் பிறகு நிற்கும் கணக்கு இது.

ஆயினும் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. எமது பிள்ளைகளை ஒருவரும் நிறுத்துப் பாராத காலமும் இருந்தது.

எமது சங்க இளைஞருக்கு ஒரு யோசனை. தேர்த் திருவிழாவுக்கு லயம் லயமாகச் சென்று வரிப்பணம் சேர்க்கிறோம். எந்த வீட்டார் எவ்வளவு கொடுத்தார் என்று கொப்பியில் எழுதுகிறோம். அக்கொப்பியிலேயே இன்னும் சில வரி எழுத இடமுண்டு: அவ்வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை எத்தனை, மடுவத்துக்குப் போகிறதா, போகாவிட்டால் ஏன், தாய்க்குத் திரிபோஷ கிடைக்கிறதா, பாடசாலையை விட்டுக் கொழும்பு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை உண்டா, பிறப்புச் சான்றிதழ் உண்டா. 2021 முதல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கமர்த்துவது சட்டவிரோதம். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு வயதை மெய்ப்பிப்பது கடினம். கொப்பியை மூன்று பிரதியாக எழுதினால் ஒன்றைக் குடும்பநல மருத்துவிச்சியிடமும், ஒன்றைத் தோட்டத் துரையிடமும் கொடுக்கலாம். மூன்றாவது பிரதி சங்கத்திலேயே இருக்கட்டும்; அடுத்த ஆண்டு அதே வீடுகளுக்கு மறுபடியும் போகவேண்டியிருக்கும்.